இருநூற்றைம்பதில் தெரிந்தது

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. ஏழரைக்கும் லாரிகள் விளக்கோடுதான் எங்கள் எடைமேடையில் ஏறின. கணினி மதியம் வரை மக்கர். எல்லாச் சீட்டும் கையெழுத்தில். விரல் வலி.

தங்கை கொடுத்த கேமரா வீட்டுக்கு வந்து நாற்பது நாள். கூடவே வந்த சின்ன லென்ஸில் பூநாரை எடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளி. நேற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் மோகன், "இன்னா சுமதி இது, தரையில அரிசி கொட்னா மாரி கீது" என்றார். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

ஆக, தொலைவில் உள்ளதைக் கிட்டே காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கியே தீர வேண்டும். புதியது நமக்கு எட்டாது. பழையதில் இரண்டு தேறுகின்றன.

55-250 மி.மீ. கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்.
70-300 மி.மீ. இன்னும் கிட்டே இழுக்கும், விலையும் குறைவு. நடுக்கம் நம் பாடு.

பழையதில் பார்க்க வேண்டியவை: உள்கண்ணாடியில் பூஞ்சை (கடல் காற்று!), வளையம் லொடலொடப்பு, கீறல்.

மோ. எட்டு மணிக்கே தூக்கம். விம்கோ நகர் கோடவுனில் பெயின்ட் டப்பா எண்ணிக் கொடுப்பதில் இவ்வளவு அலுப்பா? இருக்கட்டும். பெயின்ட் அடிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்கை நிமிராமல் போனபோது, இனி உயரத்தில் ஏறுவதில்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஒன்றரை வருடமாக ஸ்டோர் வேலை. நானும் ஒன்றரை வருடமாகத்தான் மதியச் சோற்றைப் பயமில்லாமல் விழுங்குகிறேன்.

பிப்ரவரி 4, புதன்

வேலை முடிந்து நேரே ராயபுரம். பழைய கேமரா விற்கும் அண்ணாச்சி கடை. தூத்துக்குடிக்காரர். சாம்பிராணிப் புகைக்கு நடுவே லென்ஸ்கள்.

இரண்டையும் கேட்டு வாங்கி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்த்தேன். 250-இல் இரண்டு தூசி. 300-இல் ஓரமாக நூல் மாதிரி ஏதோ.

"இது பூஞ்சை இல்லியா அண்ணாச்சி?"

வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "ஆமா. எனக்கே தெரியலயேம்மா. எத்தன பேரு பாத்துட்டுப் போயிட்டாவ, ஒருத்தரும் சொல்லல."

பெருமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதும் இருந்தது.

"ரெண்டையும் கொண்டு போய் எடுத்துப் பாருங்க. எது ஒங்க கைக்குச் சரிப்பட்டு வருதோ அத வச்சிக்கிடுங்க" என்றார். அடையாள அட்டை அவரிடம். நாளை எனக்கு வார விடுமுறை.

வாங்க: கொத்தமல்லி, பேட்டரி செல், மோ.வுக்குத் தைலம்.

பிப்ரவரி 5, வியாழன்

கை இன்னும் சரியாகவில்லை. எழுத்து கோணல். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

மோ. ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போவதாகச் சொல்லியிருந்தேன். போனேன். வாசலில் காவலாளி, "கேமராலாம் உள்ள வுட மாட்டாங்கம்மா, பேஜாரு பண்ணாத" என்றார். அங்கிருந்து எண்ணூர் பஸ். முகத்துவாரத்துக்கு முன்னாலேயே இறங்கிப் பாலத்துப் பக்கம் நடந்தேன்.

பூநாரை ஒன்றுகூட இல்லை. சேறும் சாம்பல் நிறத் தண்ணீரும் இரண்டு நாரையும்தான்.

வந்ததற்கு லென்ஸையாவது சோதிப்போம். எதிர்க்கரையில் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி. பெரியது இல்லை, நடுத்தரம். சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை. பாதி உயரத்துக்கு மேல் பலகைச் சாரம் கட்டி யாரோ பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டையின் விளிம்பு கூர்மையாக விழுகிறதா என்று பார்க்கத் தோதானது.

முதலில் 300. கேமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றியும் எல்லாப் படமும் ஆட்டம். பெயின்ட்காரர்கள் மூன்று கறை.

அடுத்து 250. ஒரே அழுத்து. திரையில் பெருக்கிப் பார்த்தேன். விளிம்பு கத்தி மாதிரி. சந்தோஷம். அப்படியே படத்தை நகர்த்தி ஆட்களைப் பார்த்தேன்.

நடு ஆள். தலையில் பச்சைக் கரைத் துண்டு. இடது முழங்கை மடங்கியபடியே.

துண்டு யாரிடமும் இருக்கும். கை? அந்தக் கை?

கண்ணைத் திரும்பவும் கேமராவில் வைத்தேன். அந்த ஆள் தூரிகையை டப்பாவில் தோய்த்து, விளிம்பில் இரண்டு தரம் தட்டினார். எங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும் இரண்டு தரம்தான் தட்டினார்.

பாலத்தில் லாரி போவது தெரிகிறது, சத்தம் இல்லை. விரல் மட்டும் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது. அப்படியும் நம்பவில்லை. செல்லை எடுத்துக் கூப்பிட்டேன். வேறு யாரோ என்று தெரிந்துவிட்டால் போதும் என்றுதான் கூப்பிட்டேன்.

மணி அடித்தது.

அந்த ஆள் சட்டைப்பையில் கையை விட்டார்.

"இன்னா சுமதி?"

"எங்கய்யா கீற?"

"ஸ்டோர்லதான். டப்பா எண்ணிகினு கீறேன். ஏன்?"

வாய் அசைவது தெரியவில்லை. ஆனால் 'ஸ்டோர்லதான்' என்றபோது தலை ஆடியது தெரிந்தது. காதில் அவர் குரல், கண்ணில் அவர், விரல் இன்னும் அழுத்தியபடி. பின்னால் வெறும் ஆகாயம்.

"இன்னா சத்தம் அது? காத்தா?" என்று கேட்டேன்.

"ஃபேன் ஓடுது" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நல்ல கையில் செல். மடங்கிய கை மட்டும்தான் பிடிமானத்துக்கு. "சரி, வச்சிடறேன்" என்று சட்டென்று வைத்தேன். அவர் செல்லைப் பையில் போட்டுவிட்டுப் பலகை மேல் நடந்து புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்தார். திரும்ப இந்தப் பக்கம் வரும்வரை சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தார். அதையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதே நாள், மாலை 5

வீட்டில். படங்களை ஒவ்வொன்றாகப் பெருக்கினேன். 250-இல் எடுத்தவை பதினேழு.

1 முதல் 6 வரை: இடுப்பு வாரிலிருந்து ஒரு கயிறு, நுனியில் கொக்கி. கொக்கி மேலே கட்டிய கம்பியில் மாட்டியிருக்கிறது.
7: கொக்கி அவர் கையில்.
8, 9: செல் காதில். கொக்கி தெரியவில்லை.
10 முதல் 17 வரை: கொக்கி தொடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எதிலும் மாட்டவில்லை.

கேமராவின் நேரத்தையும் செல்லின் நேரத்தையும் வைத்துப் பார்த்தேன். ஏழாவது படத்துக்கும் எட்டாவது படத்துக்கும் நடுவில்தான் என் போன்.

என் போன்.

பிப்ரவரி 6, வெள்ளி

விடுப்பு சொல்லிவிட்டேன். மோ.வும் போகவில்லை.

நேற்று ஆறரைக்கு வந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். தினமும் வாசலிலேயே கழுவுவார், பெயின்ட் வாசனைக்கு என்று நினைத்திருந்தேன், கறைக்காக. காப்பி கொடுத்தேன். கேமராவையும் கொடுத்தேன்.

முதலில் பொய் பிடிபட்ட முகம். அது எனக்குத் தெரிந்த முகம்தான். "எங்கேர்ந்து எட்த்த?" என்றார். "பாத்துகினே போ" என்றேன்.

பத்தாவது படத்தில் நின்றுவிட்டார். கிட்டே வைத்துப் பார்த்தார். பெருக்கச் சொன்னார். பெருக்கினேன்.

"மாட்டினேனே."

"பாரு."

"இல்ல சுமதி, மாட்டினேன். அந்த எடத்துல தூணு கீது. கயட்டி அந்தாண்ட மாட்டணும். தெனம் அம்பது தபா மாட்றேன். சத்தியமா மாட்டினேன்."

அடுத்த படம். அடுத்தது. கடைசி வரை தொங்கிக்கொண்டே இருந்தது. கேமராவைப் படுக்கையில் வைத்தார், கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல. அவர் உதடு வெளுத்து நேற்றுதான் பார்த்தேன். விழுந்த அன்றுகூட ஆம்புலன்ஸில் ஜோக் அடித்த மனுஷன்.

"சாப்பாட்டு மணி அடிக்கிற வரிக்கும் சுத்திகினு இருந்தேன்" என்றார்.

"நான் போன் பண்ணதாலதானே?" என்று கேட்டேன்.

"நீ பண்ணா எடுக்காம இருக்க முடியுமா? எடுக்கலன்னா ஸ்டோருக்கே வந்துடுவியோன்னு பயம்."

திட்ட வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. குக்கர் விசில் மூன்றோ நான்கோ, எண்ணவில்லை. குழம்பு அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம்.

இன்று காலை கேட்டேன். எத்தனை நாளாக? ஸ்டோரில் இருந்தது இரண்டே மாதம்தானாம். ஆள் குறைத்தார்களா? இல்லை. கூலிக்காகவா? அதுவும் இல்லை என்றார்.

"எனக்கு ஆவல சுமதி. நாலு செவுத்துக்குள்ள டப்பா எண்ணிகினு... மேல போனாத்தான் மன்சு லேசாவுது. காலைல ஆறே முக்காலுக்கு உன் பறவைங்கோ வருது தெரியுமா? வடக்கேர்ந்து. மேலேர்ந்து பாத்தா தண்ணிமேல ரோசாப்பூ மாரி. சொல்லணும்னு வாய் வரிக்கும் வரும். எப்டி சொல்றது?"

இதுதான் நேற்றையதைவிடப் பெரிய அடி. பிழைப்புக்காக ஏறினார் என்றால் மன்னித்திருப்பேன். பிடித்து ஏறியிருக்கிறார். பதினான்கு வருடம் கூட இருந்தவள். இது தெரியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். துணி அத்தனையும் துவைத்தேன், அந்தத் துண்டைத் தவிர.

மோ. நேற்று கான்ட்ராக்டர் சூப்பர்வைசரிடம் போனில் கேட்டார்: இரட்டைக் கொக்கி வார் வேண்டும், ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்க. அவர் பதில் எனக்கும் கேட்டது. "இத்தினி வருசமா ஒத்தக் கொக்கிலதானே ஏறுன? இப்ப இன்னா புச்சா? வர்றதுன்னா வா, இல்லாட்டி வூட்ல குந்து."

மோ. திருப்பிக் கத்தவில்லை. படம் 10-ஐ என்னிடம் கேட்டு வாங்கி, கூட வேலை பார்க்கும் ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பினார். கீழே ஒரே வரி: நான் மாட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

இன்று மதியம் கதவு தட்டும் சத்தம். பாஸ்கரின் மனைவி வசந்தி. பாஸ்கர் மோ.வுடன் அதே சாரத்தில் நிற்பவர். அவளை ஒரு கல்யாணத்தில் பார்த்தது. செல்லை நீட்டினாள், அதே படம்.

"அக்கா, இதுல ஓரமா கீறது என் வூட்டுக்காரரா?"

"ஆமா."

"ரெண்டு மாடி ஒசரம்னு சொல்லிச்சு. பின்னால ஒண்ணுமே இல்லியே அக்கா."

மோர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. "எனக்குக் காட்றியா? நேர்ல பாக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று ஏழு பேர் சாரத்தில் ஏறாமல் கீழேயே உட்கார்ந்திருந்தார்களாம். இன்று பத்து மணிக்கு இரட்டைக் கொக்கி வார் வந்திறங்கியதாம். ஏழுக்கு ஐந்துதான். மீதி இரண்டு நாளைக்கு. அதுவரை அந்த இரண்டு பேர் கீழே. மோ. போனில் சொல்லும்போது குரலில் ஒரு ஆச்சரியம். கேட்டால் கிடைக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வார் வந்தால் மேலே போகலாமா என்று நேற்றிரவே என்னைக் கேட்டார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செல்லைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஏற வேண்டும், என்னிடம் இனிப் பொய் கூடாது என்றேன். தலையில் கை வைக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். சத்தியம் வேண்டாம், சொன்னால் போதும்.

மாலை ராயபுரம்.

"எத எடுத்துக்கிடுதீய?" என்றார் அண்ணாச்சி.

"250."

"பறவைக்கு 300-தான் தோதுன்னு எல்லாரும் சொல்லுவாவளே. பூஞ்சயத் தொடச்சித் தாரேன், வெலயும் கொறச்சித் தாரேன்."

வேண்டாம் என்றேன். கை நடுங்கும் நாளில் 300-இல் வெறும் கறைதான் தெரியும், சும்மா வீட்டுக்கு வந்திருப்பேன் என்று அவரிடம் எப்படி விளக்குவது? "பறவ கிடைச்சுதா?" என்றார். இல்லை என்றேன். பாவம் என்று ஒரு மூடியும் துடைக்கும் துணியும் சும்மா கொடுத்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

லேசான பனி, எட்டு மணிக்கு விலகியது. வசந்தியைக் கூட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம். பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மகளின் பரீட்சை, குழாய்த் தண்ணீர், மாமியார் பல்.

சுவரில் கேமராவை ஊன்றி முதலில் நான் பார்த்தேன். மோ. இருந்தார். ஒரு கொக்கி கம்பியில். தூணருகே வந்தார். இரண்டாவதை அந்தப் பக்கம் மாட்டினார், இழுத்துப் பார்த்தார், பிறகுதான் முதலாவதைக் கழற்றினார். இவ்வளவு நிதானமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பயம் போகவில்லை. ஆனால் பார்க்க முடிந்தது.

பாஸ்கர் அவருக்கு வலப்பக்கம், இன்னும் ஒரு தட்டு மேலே. வளையத்தைத் திருகி 250-க்குக் கொண்டுவந்து வசந்தியிடம் கொடுத்தேன். பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"எங்க? ஒண்ணும் தெரில."

"சிவப்புப் பட்டை முடியற எடம். அதுக்கு மேல."

"அதுக்கு மேலயா? அங்க ஆளே..."

நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் கேமராவை விட்டு வரவில்லை.

"இவ்ளோ மேலயா? தெனமுமா அக்கா?"

தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. வேலைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு மணி ஊதல் அடித்து அவர்கள் இறங்கும்வரை கேமராவைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.