தொப்புளில் நான் கட்டிய துணி

என்னங்க, இருமல் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். வேலைக்கும் குறையில்லை, கவலைப்படாதீர்கள்.

நான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையில் பத்து நாள் கன்று ஒன்று நேற்று செத்துப்போனது. பிறந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் முக்கி, திறந்தே காயவிடச் சொல்லியிருந்தார்கள். நாற்பது கன்று வளர்த்தவளுக்கு இவர்கள் சொல்லித் தருவதா என்று, யாருக்கும் தெரியாமல் என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டேன். முழங்கால்கள் வீங்கி, கன்றால் எழுந்து பால் குடிக்க முடியவில்லை. படுத்தபடியே என் கையை நக்கியது.

“கட்டுனது யாரு?” என்றார் மாட்டு டாக்டர்.

“நான்தான் சார்.”

“நல்லதுன்னு நெனச்சுக் கட்டிட்டீங்கம்மா. உள்ள ஈரம் தங்கிச் சீழ் பிடிச்சு, ரத்தத்துல ஏறிடுச்சு.”

நம் வீட்டுப் பசு செவலையின் முதல் கன்றும் இப்படித்தான் முழங்கால் வீங்கிச் செத்தது. நீங்கள் மழையில் விட்டதால்தான் என்று பேரப்பிள்ளைகள் முன்னால் உங்களைத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனீர்கள். அதற்கும் துணி கட்டியது நான்தான்.

செவலை இந்த மாதம் ஈன்றுவிடும். அயோடின் வாங்கி வையுங்கள். துணி வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு எனக்கு நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது.

கறவைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி