ஒருமை நான் சொல்வேன், பன்மை நீங்கள்

மார்கழி பிறந்ததும் பரண் மேலிருந்த கம்பளியை இறக்கினேன். உதறியபோது உங்கள் தைலத்தின் வாசனை வந்தது. உங்கள் வலது கைக்கும் வலது காலுக்கும் காலையும் மாலையும் நான் தேய்த்துவிட்ட தைலம். நொச்சியும் கற்பூரமும் கலந்த அந்தக் கார வாசனை கம்பளி நூலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் காயப்போடத்தான் இறக்கினேன். காயப்போட்டால் போய்விடுமே என்று மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உலையில் அரிசி போடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒருத்திக்கு எப்போது சோறு வெந்தால் என்ன?

உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது. கடைசிக் காலத்தில் நாம் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொண்டோம் என்பது வெளியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பூனாவில் இருக்கும் நம் கவிதாவுக்கே பாதிதான் தெரியும்.

நம் கல்யாணம் முடிந்து விழுப்புரத்தில் குடியிருந்தோமே, ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டில், அப்போதே உங்கள் குரல் எனக்குப் பயம். வல்லத்துப் பக்கம் எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் கொல்லையில் மாட்டை அதட்டும்போதுதான் அப்படிக் கத்துவார்கள். நீங்கள் இங்கிலீஷ் பரீட்சைப் பேப்பரைத் திருத்தும்போதே கத்துவீர்கள். யாரோ ஒரு பிள்ளை ‘ஆக்ஸ்’ என்பதற்குப் பன்மை ‘ஆக்ஸஸ்’ என்று எழுதிவிட்டானாம், அதற்கு அரை மணி நேரம் எனக்கு வகுப்பு நடக்கும். எட்டாவதோடு நின்றவள் நான். பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன், பாதியில் தூங்கியும் போவேன்.

ஒரு நாள் தூங்காமல் கேட்டேன், இந்த இங்கிலீஷ்காரனுக்கு ஏன் இத்தனை பேஜாரு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு மாதிரி பன்மை என்று. நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

“நம்ம ஆளு கெட்டிக்காரன், அஞ்சல. எதுக்குப் பின்னாலயும் கள்ள ஊத்திட்டுப் போயிடுவான். மாடுகள், வீடுகள், மரங்கள். அவனுக்குத்தான் கள்ளு கெடையாதே.”

வகுப்பிலும் இதைச் சொல்வீர்களாம். பிறகு திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தோம். தெருவோடு காய்கறி வாங்கப் போகும்போது மதில் தாண்டி உங்கள் குரல் வரும். நீங்கள் ஒருமையைச் சொல்வீர்கள், வகுப்பே சேர்ந்து பன்மையைச் சொல்லும். “ஃபுட்?” “ஃபீட்!” “லீஃப்?” “லீவ்ஸ்!” பெயர்ச்சொல் வகைகளையும் அப்படியே ராகம் போட்டுச் சொல்லித் தருவீர்கள். தண்ணீர், பால், அரிசி இவற்றை எண்ண முடியாது, ஆகவே “நோ ப்ளூரல்.” ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஒன்லி ஒன்.” அது பிராப்பர் நவுன், அதற்குக் கூட்டம் கிடையாது என்பீர்கள். நான் கத்தரிக்காய்ப் பையோடு மதிலோரம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அது நடந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டீர்கள். எடுக்கக் குனிந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலப்பக்கம் போயிருந்தது. அது தேறும், நாளாகும் என்றார் டாக்டர். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தீர்கள். உதடு அசைந்தது. ஏதோ ஒன்றைத் தேடிக் கைக்கு எட்டாமல் திரும்பி வந்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டீர்கள். காதும் கேட்கிறது, ஆளும் தெரிகிறது, பெயர்கள்தான் போய்விட்டன என்று விளக்கினார்கள். தண்ணீர் என்ற பெயர், கை என்ற பெயர், கவிதா என்ற பெயர், என் பெயர். ஆயுசு முழுக்கப் பெயர்ச்சொல் நடத்தினவருக்குப் பெயர்ச்சொல்தானா போக வேண்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தோம். கவிதா லீவு முடிந்து புறப்பட்டாள். அதன் பிறகு வீட்டில் இருந்த அமைதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? நீங்கள் இருந்தும் நான் தனியாக இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்வேன். நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்போதுதான் கிளியனூரிலிருந்து கணக்கு சார் வந்தார். உங்கள் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தவர். ஒரு பை நிறைய மல்லாட்டை, அவர் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை, கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மழை பற்றிச் சொன்னார், பழைய ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொன்னார். நீங்கள் அசையவில்லை. கிளம்புவதற்கு எழுந்தவர், சங்கடம் தாங்காமலோ என்னவோ, உங்கள் குரலைப் போலவே கனமாக, “ஆக்ஸ்?” என்றார்.

“ஆக்ஸன்,” என்றீர்கள்.

தெளிவாக, அந்தப் பழைய கனத்தோடு. கணக்கு சார் அப்படியே நின்றுவிட்டார். சமையலறையிலிருந்து நான் ஓடி வந்தேன். அவர் மறுபடியும் “டூத்?” என்றார். நீங்கள் “டீத்” என்றீர்கள். “சைல்டு?” “சில்ட்ரன்.” மனுஷர் அதற்கு மேல் கேட்க முடியாமல் வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க கிளாஸால என் கிளாஸே நடக்காது சார்னு தெனமும் சண்ட போட்டுக்கினு இருப்பேன்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் அடுத்த முறை போனபோது சொன்னேன். அவள் வியக்கவில்லை. பாட்டு, எண்ணிக்கை, பல வருஷம் மனப்பாடமாகச் சொன்ன பாடம், இதெல்லாம் சிலருக்குத் தங்கிவிடும், நினைத்துப் பேசும் பேச்சு வேறு என்றாள். “அவரு அர்த்தத்தோட சொல்றாருன்னு நெனச்சிக்காதீங்கம்மா. ஆனா விடாதீங்க. அந்த வழியாவே பேச்சு வரலாம்” என்றாள்.

திரும்பி வரும் வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. நீங்கள் ஜன்னலோரம். வெளியே ஒரு பழக்கடை. நான் விரலைக் காட்டி, முதல் முறையாக, கூச்சத்தோடு, “மேங்கோ?” என்றேன். “மேங்கோஸ்” என்றீர்கள், வெளியே பார்த்துக்கொண்டே. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். நாம் பேசிக்கொண்டு போகிறோம், அவருக்கென்ன?

மறுநாள் கடைக்குப் போய் ஓர் இலக்கணப் புத்தகம் கேட்டேன். எந்த வகுப்புக்கு என்றான் கடைக்காரன். எட்டாவதுக்கு என்றேன். விட்ட இடத்திலிருந்துதானே தொடங்க வேண்டும்? காலையில் எழுத்துக் கூட்டிப் படித்து வைத்துக்கொள்வேன். தைலம் தேய்க்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒருமை நான், பன்மை நீங்கள். மெல்ல மெல்ல அதற்குள்ளேயே ஒரு பேச்சு உண்டானது. “ஃபுட்?” என்றால் சும்மா “ஃபீட்” என்பீர்கள், கால் வலிக்கிற நாளில் இரண்டு தரம் அழுத்திச் சொல்வீர்கள். “வாட்டர்?” என்று கேட்டால், தாகமில்லை என்றால் “நோ ப்ளூரல்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். தாகமென்றால் சொல்லிவிட்டுச் செம்பைப் பார்ப்பீர்கள். பயிற்சிக்காரப் பெண் சொன்னபடி அர்த்தம் இல்லாமலே இருக்கட்டும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் நீங்கள் டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால், எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பது மாதிரி. இரண்டு மூன்று சொன்னீர்கள். பிறகு இடது கையால் காபி டம்ளரைத் தட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அன்று முழுக்க, அடுத்த நாளும், ஒரு சொல் இல்லை. வீடு மறுபடியும் பழைய அமைதிக்குப் போய்விட்டது.

அதை நீங்களே உடைத்தீர்கள். நான் மூலையில் உட்கார்ந்து எனக்குள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களைக் கேட்கப் பயம். “மௌஸ், மௌசஸ்” என்று சொல்லிவிட்டேன் போல. கட்டிலிலிருந்து ஒரு சீற்றம் வந்தது.

“மைஸ்!”

திரும்பிப் பார்த்தால் கண்ணில் அந்தக் கோபம். பேப்பர் திருத்தும்போது வருமே, அதே கோபம். எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு நான் வாத்தியார் இல்லை. தரையில் உட்கார்ந்து தப்பாகச் சொல்கிற மாணவி. “சைல்ட்ஸ்” என்பேன், “லீஃப்ஸ்” என்பேன், “நைஃப்ஸ்” என்பேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் திட்டுவது போலத் திருத்துவீர்கள். சரியானது எனக்குத் தெரிந்துவிட்ட பிறகும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். புருஷனிடம் திட்டு வாங்க அத்தனை ஆசைப்பட்டவள் இந்தத் திண்டிவனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் என் பெயர் வரவில்லை. அந்த ஏக்கம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. ஆக்ஸனும் ஷீப்பும் வருகிற வாயில் அஞ்சலை வராதா? முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்தும்போதே “அஞ்சல, தண்ணி” என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவீர்கள். இப்போது நான் அம்மா, அத்தை, வாத்தியார் வீட்டம்மா. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட உங்களைத் தவிர யாரும் மிச்சமில்லை.

தை மாதம், வெயில் இதமாக இருந்த ஒரு காலை. உங்களை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும்போல் சொற்களைச் சொல்லிக்கொண்டே வந்தவள், “அஞ்சலை?” என்று கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. சரி, இது வராது என்று அடுத்த விரலைப் பிடித்தேன். அந்த நகமும் வெட்டி முடிந்திருக்கும். மேலிருந்து குரல் வந்தது, கனமாக இல்லை, தாழ்வாக.

“ஒன்லி ஒன்.”

நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

போனில் கவிதாவிடம் சொன்னேன். “அம்மா, அதுவும் பாடந்தாம்மா. பிராப்பர் நவுன்னா அப்பா கிளாஸ்ல அப்படித்தான சொல்வாரு” என்றாள். நான் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. நான் வாதாடவில்லை. பாடந்தான். தண்ணீருக்கும் பாலுக்கும் ஒரு பாடம் வைத்திருந்தீர்கள், எனக்கு அதைச் சொல்லவில்லையே. எனக்கு உரியதைத்தான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் என் பெயரை உங்களிடம் கேட்கவே இல்லை.

ஐப்பசி மழையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. விழுப்புரம் போய்ச் சேரும்வரை ஆம்புலன்ஸில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் சொன்னேன். பக்கத்தில் இருந்த நர்ஸுப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். விக்கிரவாண்டி தாண்டும்போது எனக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கவிதா கூப்பிட்டாள், பூனாவுக்கு வந்துவிடு என்று. போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது மாடி. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் அங்கேயும் அதே அமைதிதான், அது ஊர் பேர் தெரியாத அமைதி. திண்டிவனத்து அமைதியாவது எனக்குப் பழகினது என்று திரும்பி வந்துவிட்டேன். காலையில் கோலம், மாலையில் கோயில், நடுவில் ரேடியோ. பக்கத்து வீட்டுக்காரி நல்லவள், சாம்பார் கொடுத்துவிடுவாள். ஆனால் அவளுக்கு நான் வாத்தியார் வீட்டம்மாதான்.

இப்போது தப்பாகச் சொன்னால் திருத்த ஆளில்லை. சரியாகச் சொன்னாலும் அப்படித்தான். நீங்கள் எனக்கு விட்டுப் போனது வேறு ஒரு பழக்கம். ஒரு சொல்லைச் சொன்னால் உடனே அடுத்ததுக்குப் போகாமல், சொன்ன பிறகு காத்திருக்கும் பழக்கம். அந்தக் காத்திருப்பில்தான் நீங்கள் எங்கோ போய்த் தேடி எனக்குப் பதிலைக் கொண்டுவருவீர்கள். சில நாள் உடனே, சில நாள் ஒரு நகம் வெட்டும் நேரம் கழித்து. இப்போது யாரிடம் பேசினாலும் அப்படியே நின்றுவிடுகிறேன். காய்கறிக்காரி எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக் கத்திச் சொல்கிறாள். கோயில் குருக்கள், உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்.

நேற்று கவிதா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, நான்தான் இன்னும் காத்திருந்தேன்.

“அம்மா, லைன்ல இருக்கியா?” என்றாள்.

“இருக்கேன்” என்றேன்.