பழகக் கொடுத்த கை

மதினி,

இன்று காலை லேபில் ஒரு அம்மா கையை நீட்டினாள். விளாத்திகுளம் பக்கம். மிளகாய் பறித்துவிட்டு நேரே பஸ் ஏறியிருப்பாள் போல. ஸ்பிரிட் பஞ்சால் முழங்கை மடிப்பைத் துடைத்தேன். மிளகாய் நெடியும் ஸ்பிரிட் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நெடி ஏறிட்டா தாயி? எத்தன தடவ கழுவினாலும் போக மாட்டேங்கு" என்றாள். அச்சு அசல் உங்கள் பேச்சு.

ஒரே குத்தில் ரத்தம் வந்தது. "கைராசிக்காரப் பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் கையைக் குத்திக் குத்தி வந்த ராசி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கோவில்பட்டியில் லேப் டெக்னீசியன் டிப்ளமோ சேரப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று அண்ணன் குதித்தான். "இவ ஊசி குத்தப் போயிட்டா ஆட்ட யாரு பத்துவா, களை யாரு எடுப்பா?" என்றான். நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள். "ஒரு வருசப் படிப்புதான? கண்ண மூடித் தொறக்குமுன்ன முடிஞ்சிரும். அவ வேலையையும் சேத்து நான் பாத்துக்கிடுதேன்." சொன்னபடியே பார்த்தீர்கள். அந்த வெயிலில் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்க மாட்டீர்கள். கேட்டால், "குடிச்சா ஒதுங்கணும்லா? பொட்டக் காட்டுல மறைவுக்கு எங்கன போறது?" என்பீர்கள்.

படிப்பில் முதலில் ஒருத்தர் கையில் ஒருத்தர் குத்தித்தான் பழக வேண்டும். நான் ஒரு பிள்ளையை மூன்று முறை குத்தினேன். நரம்பு சிக்கவில்லை. அவள் அழுதுவிட்டாள். அப்புறம் வகுப்பில் ஒருத்தியும் எனக்குக் கை கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஒப்பாரி வைத்தேன். "ஏட்டி, இதுக்கா இந்த அழுக? இந்தா, ஏங் கையில குத்து" என்று இடது கையை நீட்டினீர்கள்.

அதன்பிறகு நீங்கள் காட்டிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் உட்காருவோம். நான் ரப்பர் பட்டையை இறுக்குவேன். நீங்கள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு எந்த ஆடு சினை, எந்த ஆடு நொண்டுகிறது என்று பேசிக்கொண்டே இருப்பீர்கள். முதல் வாரம் உங்கள் கை முழுக்க நீலம் பூத்தது. அண்ணன் கண்ணில் படாமல் சேலையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். பிறகு எனக்குக் கை வந்துவிட்டது. எடுத்த ரத்தத்தை வேலியோரம் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுவேன்.

இதைத்தான் மதினி நான் யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை சாயங்காலம் உங்கள் ரத்தத்தை எடுத்திருப்பேன்! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு குழாயைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கக் கூடாதா? சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் சோதனையை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அன்று, ஆளுக்கு ஒரு ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் என் ரத்தத்தையே எடுத்து வைத்தேன். உங்களுடையது குத்திப் பழகுவதற்கு மட்டும் என்று இந்த மரமண்டையில் பதிந்திருந்தது.

"காலு வீங்குது ஏட்டி, செருப்பு ஏற மாட்டேங்கு" என்று நீங்கள் சொன்னதும் அந்த நாட்களில்தான். சிறுநீரகக் கோளாறின் அறிகுறிகளை அந்த வாரம்தான் பரீட்சையில் எழுதியிருந்தேன். முதலில் எழுதியதே கால் வீக்கம். முழு மார்க்கும் வந்தது. உங்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நாள் பூரா நின்னா வீங்கத்தான் செய்யும் மதினி. கையை ஆட்டாதீங்க."

படிப்பு முடிந்து இந்த லேபில் சேர்ந்த இரண்டாம் மாதம், வாந்தி நிற்கவில்லை என்று டாக்டர் சீட்டோடு வந்தீர்கள். வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுப் பிள்ளதான் எடுக்கப்போகுது, வலிக்கவே வலிக்காது" என்று பெருமை அடித்தீர்கள். ஒரே குத்து. வலிக்கவும் இல்லை. கிரியாட்டினினுக்கு மெஷின் காட்டிய எண் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. சோதனைக்கு ஊற்றுகிற மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்தது. ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். "எல்லாம் நல்லாத்தான இருக்கு ஏட்டி?" என்றீர்கள். "டாக்டர் சொல்லுவாரு மதினி" என்றேன். என் முகத்தையே பார்த்தீர்கள். அப்புறம் நீங்களே, "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தபோது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே இழுத்துப் பிடித்திருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். அடுத்த மிளகாய் பறிப்புக்கு நீங்கள் இல்லை.

அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்: "எந் தங்கச்சி படிச்சதாலதான் சீக்குன்னாவது தெரிஞ்சுது. இல்லன்னா என்னன்னே தெரியாமப் போயிருப்பா." அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போல இருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். ஒருநாளும் முடிந்ததில்லை. அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது. அதையும் பிடுங்கிவிட்டு நான் என்ன செய்ய? அதுதான் உங்களிடம் எழுதுகிறேன். நீங்கள் ஏசவும் மாட்டீர்கள். ஏசினால்கூடத் தேவலை.

இப்போது மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது ரப்பர் பட்டையும் ஊசியும் கொண்டுபோகிறேன். அதே இடத்தில் அண்ணனை உட்கார வைத்து ரத்தம் எடுக்கிறேன். வேலியோரம் ஊற்றுவதில்லை. குழாயைப் பத்திரமாகக் கொண்டுவந்து எல்லாச் சோதனையும் செய்கிறேன். அவனுடையது ஒவ்வொரு முறையும் சரியாகவே வருகிறது. உங்களுக்கு வர வேண்டிய எண்.

போன மாதம் அண்ணன் கேட்டான். "எதுக்கு ஏட்டி, மாசாமாசம் இப்படி எடுக்க?"

"குத்திப் பழகத்தாண்ணே" என்றேன்.

"இன்னுமா பழகல?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். இடது கை, மதினி.