பாட்டில் உன் குரல், வீடியோவில் அவன் முகம்

என் ஆசை மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

சென்னைக்குப் போய் நீ பாடிவிட்டு வந்த சினிமாப் பாட்டு வெளியாகிவிட்டது. இங்கே நம் சிஞ்ச்வட் ஸ்டேஷன் மராத்தி ஆட்டோக்காரன், தமிழில் ஒரு எழுத்துத் தெரியாதவன், அதைத்தான் முணுமுணுக்கிறான். அமெரிக்காவிலும் இதே பேச்சுதான் என்று கேள்வி.

நீ கண்ணை மூடிய துக்கத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. நம் குடியிருப்பு சொசைட்டியின் கணபதிப் பந்தலில் உன் படத்தை ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து நிறுத்தினேன். 'பின்னணிப் பாடகர்' என்று தமிழிலும் மராத்தியிலும் போட்டேன். மராத்தி வாசகம் நானே சொன்னது. எட்டாவதோடு நின்றவன் என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம். ஆரத்தி முடிந்ததும் பெரிய திரையில் அந்தப் பாட்டின் வீடியோ. ஐயாயிரம் பேர், மாப்ளே. உட்கார இடமில்லை.

ஹீரோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உருகுகிறான். அவன் வாயிலிருந்து உன் குரல் வருகிறது. பாடியவர் என்று கீழே அவன் பெயர். மியூசிக் டைரக்டர் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். கடைசிவரை ஒரு மூலையில்கூட நீ இல்லை. செக்ரட்டரி என் காதருகே குனிந்து, "அண்ணா, உங்க மாப்பிள்ளை திரையில எப்ப வருவாரு?" என்று மராத்தியில் கேட்டார்.

இந்த ஒரு வீடியோவில் அவன் பாடகனும் ஆகிவிட்டான். மேடைக் கச்சேரிக்கெல்லாம் கூப்பிடுகிறார்களாம். சென்னைக்குப் போய் அந்த மியூசிக் டைரக்டரின் சட்டையைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் வள்ளியிடம் குதித்தேன். என் தங்கை, உன் பெண்டாட்டி, குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"அவருக்குத் தெரியும்ணே. ஹீரோ கேட்டுப் பழகத்தான் மொதல்ல பாடச் சொன்னாங்க. அவனுக்கு வரல, இவர் குரலையே வச்சுக்கிட்டாங்க. பேரு வராதுன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தாரு. நீ ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தியா, கெடுக்க வேணாம்னுட்டாரு."

ஹீரோவை விடு, அவன் எனக்கு யார்? நீ தினமும் என்னோடு டப்ரி டீக்கடையில் டீ குடித்தாய். நான் அளப்பதைக் கேட்டுச் சிரித்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் வாய்க்குப் பயந்தாயா, என்மேல் பாவப்பட்டாயா?

வள்ளி பாட்டைப் போடச் சொன்னாள். சரணத்துக்கு முன்னால் மூச்சை இழுப்பாயே, நீ வேலை பார்த்த பட்டறையின் புகை தந்த அந்தச் சின்ன விசில், அதை வெட்ட மறந்திருக்கிறார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அந்த இடத்தில் ஹீரோ வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த கணபதிக்கும் உன் ஃப்ளெக்ஸ் நிற்கும். திரை கிடையாது, பாட்டு மட்டும்தான். அந்த மூச்சு வந்ததும் நிறுத்தி, இவன்தான் பாடினான் என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

அன்றைக்குப் பந்தலில் இருந்தது நாற்பது பேர், மாப்ளே.

உன்மேல் கோபம் ஆறாத,
உன் மச்சான் கதிரேசன்