ஆறு பன்னிரண்டுக்கு உள்ளே வந்தவள்

20 ஜனவரி, திங்கள்
சாமி விளக்கு ஏற்றியது 6.10. துவரை காய வைத்தது ஒன்றரைப் படி. வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். போன் இல்லை.

மகள் தனப்பிரியாவுக்குச் சேலத்துத் தடயவியல் பயிற்சியில் இன்னும் ஒரு தேர்வுதான் பாக்கி. குற்றம் நடந்த அறையின் நடுவில் ஒரு கருவியை வைத்தால், அது சுற்றிச் சுழன்று அறையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகுமாம். ஏதாவது ஒரு வீட்டில் பொய்யாகச் சம்பவம் ஜோடித்து எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் அந்தக் கருவியோடு வேலை. மூன்று வருடமாக அவள் கேட்பது அது ஒன்றுதான்.

"நம்மூட்டுலயே எடுத்துக்கறேம்மா" என்றாள். சாமி அலமாரி இருக்கிற கூடத்திலா? சரி என்றுவிட்டேன்.

24 ஜனவரி, வெள்ளி
ரத்தத்துக்குக் குங்குமத்தைக் கரைக்கப் போனாள். வெள்ளிக்கிழமை அதுவுமாக! பீட்ரூட் வேகவைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியைக் கவிழ்த்தாள், டம்ளரை உருட்டினாள், ஏழு இடத்தில் மஞ்சள் நம்பர் அட்டை வைத்தாள்.

"ஏஞ்சாமி, செத்தது யாரு?"

"யாருமில்லீங்மா. நான் கூப்புடற வரைக்கும் நீங்க உள்ளாற வராதீங்க."

கருவியின் கண்ணில் படாமல் அவள் வாசலுக்கு வெளியே மறைந்து நின்று அதை ஓட்டினாள். நான் சமையல்கட்டில். ஜன்னலில் வானம் சிவந்தது. இருபத்தாறு வருடமாக அந்த நேரத்துக்குக் கால் தானாக நடக்கும். சாமி அலமாரிக்கு நடந்துவிட்டது.

கருவி சத்தமில்லாமல் திரும்பியது. தேர் வீதியில் உற்சவர் ஒரு கணம் நம் பக்கம் பார்ப்பாரே, அதுபோல. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பின்வழியே வந்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயிற்சியிலிருந்து கருவியைக் கொண்டுவந்தவர் அதைக் காரில் எடுத்துப் போய்விட்டார்.

விளக்கு 6.12.

25 ஜனவரி, சனி
கம்ப்யூட்டரில் எங்கள் கூடம். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, எல்லாம் புள்ளி. வெயில் விழும் இடத்தில் மாவுத்தூசி மிதக்குமே, அப்படி. பீரோக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கூடம்! அங்கேயும் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

"அது பொய்யிங்மா. கண்ணாடியில பட்டு மெசினு ஏமாந்துபோச்சு. அழிச்சுப்போடணும்." ஒரு தட்டு. அந்தக் கூடம் போய்விட்டது.

அடுத்து அலமாரிப் பக்கம் திருப்பினாள். நான் நின்றிருந்தேன். பாதி நான். இடது பக்கம் மட்டும். ஒரு காது, ஒரு தோடு, பாதிச் சேலை. மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் சுவர் தெரிந்தது.

"உள்ளாற வந்தீங்களாம்மா?"

"வெளக்கு வெக்க வந்தேன் சாமி."

நடுவில் யாராவது நுழைந்திருந்தால் தேர்வு செல்லாதாம். 'உள்ளே வந்தவர், நேரம்' என்று அவள் எழுதித் தர வேண்டிய ஒரு தாள் இருக்கிறது. அது காலியாக இருந்தது.

"இதையும் அழிச்சுப்போட்டா யாருக்குந் தெரியாதும்மா. நீங்களே சொல்லுங்க."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு
கனவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தேன். பாரமே இல்லை. கதவைத் திறந்தால் திருச்செங்கோட்டு மலை, அதுவும் புள்ளி புள்ளியாக. மேலே அர்த்தநாரீசுவரர். இடப்பாகத்தில் என் சேலை. அழித்துவிடலாமா என்று கேட்டேன். அம்மன் பக்கத்துக் கண் என்னையே பார்த்தது. அவ்வளவுதான்.

காலையில் அவர் போன். சொன்னேன். "பாதிதான் விழுந்துதா? வாயி இருக்கற பாதியா, இல்லாத பாதியா?" அந்த மனுஷனுக்கு எல்லாம் விளையாட்டு.

இந்த நோட்டைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமை விளக்கு வரியை அவளுக்குக் காட்டினேன். "கண்ணாடிக்குள்ள இருந்தது பொய்யி, அழிச்சுப்போட்டே. நான் வந்தது நெசந்தானே கண்ணு?"

சௌந்திரம், தாயார், 6.12 என்று தாளில் எழுதினாள். எழுதும்போது அழுதாள்.

செய்தது சரியா? பெற்றவளே பிள்ளையின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவாளா? தெரியல. தெரியலயே முருகா.

3 பிப்ரவரி, திங்கள்
தேர்வு செல்லாது என்று வந்துவிட்டது. அவள் சாப்பிடவில்லை. விளக்கு 6.18.

27 பிப்ரவரி, வியாழன்
இந்த மாதம் முழுக்க என்னோடு அளந்துதான் பேசுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

இன்று பயிற்சி கொடுத்த அனிதா மேடம் கூப்பிட்டாராம். "மெசினு ஓட்ட ஆளிருக்குது. வாசல்ல நின்னு உள்ள வர்றவங்க பேரும் நேரமும் நோட்டுல எழுத ஆளில்ல. வாரயா?" கருவி இல்லை, நோட்டுத்தான். போகிறேன் என்று சொல்லிவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

16 ஏப்ரல், புதன்
மத்தியானம் போன் செய்தாள். முதல்முறையாக நிஜ வீடு, நிஜ சாவு. நாமகிரிப்பேட்டைப் பக்கம். உள்ளே வேறொருத்தர் கருவியை ஓட்ட, இவள் வாசலில்.

"பெரிய ஆபீசர் ஒருத்தரு நேரா உள்ள போனாருங்மா. பேரும் நேரமும் சொல்லீட்டுப் போங்க சார்னேன். மொறச்சாரு. சொல்லீட்டுத்தான் போனாரு."

சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அந்த ரூமுல சாமி வெளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சும்மா. யாரு ஏத்துனது, எப்ப ஏத்துனது, ஒருத்தருக்குந் தெரியல. அந்த ஊட்டுல எழுதி வெக்கறவங்க இல்ல."

நான் போனைக் காதோடு வைத்திருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பெயர் சொல்வதும் அவள் பேனா ஓடுவதும் கேட்டது.

விளக்கு 6.31. ஏற்றியது நான்.