அப்பாவுக்கு வாசனை எதுவும் அனுப்பாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த டிசம்பர் மாதத்துக்கு அதுவே பெரிய விஷயம். நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன்ல கேட்டா ஒண்ணும் வேணாம்னு சொல்லி வெச்சிடுறீங்க, கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்ன அனுப்பணும்னு நிதானமா எழுதும்மா என்று நீ சொல்லிப் பல நாளாகிறது. இன்றைக்குத்தான் எனக்கு வார விடுமுறை. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். உடம்பை ஒரு நாற்காலியிலும் காலை இன்னொரு நாற்காலியிலும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் வந்தால் என்னைத் துணிப் பிரிவிலிருந்து தூக்கிப் பரிசு சுற்றும் மேசையில் போட்டுவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த வருடமும் அதேதான். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே மினுமினுப்புத் தாளை வெட்டு, மடி, ஒட்டு, ரிப்பனைச் சுருட்டு. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப. டேப் கிழித்துக் கிழித்து விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடக்கிறது. ஆனால் ஒன்று, இந்த மேசையில் நின்றால் ஊரில் யார் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கடைசி நேரத்தில் ஓடிவந்து கண்ணில் பட்ட சென்ட் பாட்டிலை எடுத்து, மேடம் பெரிய ரிப்பனா போடுங்க என்று கெஞ்சுகிற ஆம்பளைகள்தான் அதிகம். போன வாரம் ஒரு பெரியவர் வெறும் கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். சுற்றினால் குடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாமே என்றேன். தெரியட்டும்மா, அவ முப்பது வருஷமா குடையைத் தொலைச்சிட்டு நனைஞ்சுக்கிட்டேதான் வர்றா, இதையும் தொலைப்பா, நான் வாங்கிக் குடுத்துக்கிட்டே இருப்பேன் என்றார். அதைச் சுற்றும்போது மட்டும் எனக்குக் கால்வலி தெரியவில்லை.

அதனால் எனக்கு எதையும் தாள் சுற்றி அனுப்பாதே, தாளைப் பார்த்தாலே குமட்டுகிறது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கிற நீளமான காலுறை இருக்கிறதாம், டாக்டர் சொன்னார், அது இரண்டு ஜோடி போதும். அண்ணனுக்குச் சட்டை எடுத்தால் போன தடவையைவிட ஒரு அளவு பெரிதாக எடு, தொப்பை வந்துவிட்டது, நான் சொன்னேன் என்று சொல்லாதே. அவன் மகள் வாண்டுக்குப் பேசும் பொம்மை வேண்டவே வேண்டாம் என்று அண்ணி கையெடுத்துக் கும்பிடுகிறாள். போன வருடப் பொம்மை அலமாரிக்குள்ளிருந்து தானாகவே பாட ஆரம்பித்து எல்லோரையும் கதிகலங்க வைத்துவிட்டது. வாண்டு கேட்பது ஒரு டார்ச் லைட். எதுக்குடி என்றால், எங்க கட்டிலுக்கு அடியில யார் இருக்காங்கன்னு பாக்கணும் என்கிறாள். அனுப்பி வை, யாராவது இருந்தால் வீட்டு வேலைக்காவது ஆகும்.

அப்பாவுக்கு என்று வரும்போதுதான் பேனா நிற்கிறது. வருடா வருடம் நீ அவருக்கு ஷேவிங் லோஷன், வாசனை சோப்பு என்று அனுப்புவாய். இந்த வருடம் வாசனை உள்ள எதையும் அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அவ தூரத்துல கெடந்து அழுவா என்று. இப்போது எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அதற்குப் பிறகு மனுஷர் சாப்பாட்டில் குறை சொல்வதையே நிறுத்திவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்னிக்குக் குழம்பு அடி பிடிச்சிருக்கு போல என்று மோப்பம் பிடித்துக் குரல் கொடுக்கிறவர், எதைப் போட்டாலும் தலையைக் குனிந்து தின்றுவிட்டுப் போனார். இத்தனை வருடம் கழித்துப் புத்தி வந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வருகிறேன், மாடிப்படியிலேயே கேஸ் வாடை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் உஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கிறது, அப்பா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். அடுப்பை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து, நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். அவள் போகும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு அந்தப் பழத்தோலைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார், அப்புறம் என் மூக்குக்கு நேரே நீட்டினார். இதுக்கு வாசனை இருக்கா என்று கேட்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு அடி வாங்கியிருக்கு, திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுமையா இருங்க என்று சொல்லிவிட்டார். பேக்கரியில் மட்டும் தெரியக் கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கிறிஸ்துமஸ் கேக் என்றால் அந்தக் கடையில் அவர் கைதானே. அளவும் கண்ணும் இருக்கு, மூக்கு எதுக்கு என்று வீறாப்பு பேசினார். ஆனால் தினமும் ஒரு டப்பாவில் மாவும் பிஸ்கட்டுமாகக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சுடுசோறு சாப்பிட மாட்டோமா என்று இருக்கும்போது பட்டை, கிராம்பு போட்ட மாவை நக்கிப் பார்த்து, இனிப்பு சரி, ஜாதிக்காய் தூக்கல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இனிப்பைக் கண்டாலே எனக்கு வெறுத்துப்போனது.

அப்படியும் ஒரு நாள் தப்பிவிட்டது. புதிதாக வந்த பாதாம் மூட்டை காறிப்போயிருந்திருக்கிறது. உன் அப்பா பழைய அப்பாவாக இருந்தால் மூட்டையைப் பிரிக்கும்போதே முகத்தைச் சுளித்துத் தூக்கி எறிந்திருப்பார். அன்றைக்கு அதையே அரைத்து பிஸ்கட் போட்டு, நான் ருசி பார்க்குமுன்பே பெட்டி பெட்டியாக வெளியே போய்விட்டது. மறுநாளே பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன. எண்ணெய்ச் சிக்கு அடிக்குது, வாயில வைக்க முடியலை, விருந்தாளிகளுக்கு முன்னால மானம் போச்சு என்று ஆளாளுக்குச் சத்தம். முதலாளி நேராகப் போய் பெட்டி கட்டும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் தனியாக இருக்கிறவள், அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாளே, அவள்தான். மூட்டையை ஈரத்துல வெச்சு பொருளைக் கெடுத்துட்டே, நாளையிலிருந்து வர வேணாம் என்று சொல்லிவிட்டார். அவள் அங்கேயே நின்று அழுதிருக்கிறாள்.

அப்பா உள்ளேயிருந்து ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாராம். வாடிக்கையாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதலாளி, அந்தம்மா மேல தப்பு இல்ல, மூட்டை என் கைக்குத்தான் வந்துச்சு, காய்ச்சலுக்கு அப்புறம் என் மூக்கு செத்துப்போச்சு, வாசனையும் தெரியல ருசியும் தெரியல, மறைச்சது நான் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போங்க மாஸ்டர் என்று மட்டும் முதலாளி சொன்னாராம். நான் வீட்டுக்கு வந்தபோது ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை. நான் போய் யார் யாருக்கோ சந்தோஷத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவேன், இவர் வீட்டிலிருக்கிற பாத்திரங்களையெல்லாம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பார். தேய்த்ததையே மறுபடி தேய்ப்பார். டிசம்பரில் அப்பா பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு நட்சத்திர விளக்குக்கூடத் தொங்கவிடவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

போன விடுமுறை நாளில் முதலாளியும் அந்தப் பெட்டி கட்டும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வைத்த ஆள் போட்ட கேக்கைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும் போலிருக்கிறது. முதலாளி உட்காரக்கூட இல்லை, நிலைப்படியில் நின்றுகொண்டே, சீசன் முடியுற வரைக்கும் வாங்க மாஸ்டர், அப்புறம் பாக்கலாம் என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் இல்லை. அந்த அம்மாதான், அண்ணே உங்க கை இருக்கு, என் மூக்கு இருக்கு, நான் பக்கத்துல நிக்கிறேன், பெட்டியை அப்புறம் கட்டிக்கலாம் என்றாள். அவள் பேச்சுக்குத்தான் முதலாளி இறங்கி வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. கேக்குக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது, கசக்குறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும், அதை உன்னால சொல்ல முடியுமா என்று கேட்டார். எப்படி இருக்கும்னு சொல்லுங்க, பிடிச்சுக்கறேன் என்றாள் அவள். அப்பா சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனார். அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். இவர் வாணலியைக் கிளறிக்கொண்டே இருப்பாராம், அவள் பக்கத்தில் நின்று மூக்கை நீட்டி, அண்ணே இப்ப மிட்டாய், அண்ணே இன்னும் மிட்டாய், அண்ணே இப்ப காபி என்று கத்துவாளாம், காபி என்றதும் இவர் வாணலியை இறக்கிவிடுவாராம். கடை முழுக்கச் சிரிக்கிறதாம். கேக் நன்றாக வருகிறது, பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வேலை உண்டா என்று அவரும் கேட்கவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. அதை இப்போது நினைக்க எனக்கும் தெம்பில்லை.

அப்பாவுக்கு நீ அனுப்ப வேண்டியது, கேஸ் கசிந்தால் கத்துகிற சின்னப் பெட்டி ஒன்று கிடைக்குமாம், அது. நான் வேலையில் இருக்கும்போது வீட்டை நினைத்துப் பயப்படாமல் இருப்பேன். ஆனால் அது எனக்கான பரிசுதான். அவருக்கு என்ன வேண்டும் என்று நேற்று அவரையே கேட்டேன். வழக்கம்போல ஒண்ணும் வேணாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சர்க்கரை வாசனையை அன்னிக்கு மனசுல தேடினேன், இல்ல, நினைப்புலகூட இல்ல, நம்ம பொண்ணு பொறந்தப்ப அவ உச்சந்தலையில ஒரு வாசனை இருக்குமே, அதையும் தேடிப் பாத்தேன், வரமாட்டேங்குது என்றார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உனக்கு வழக்கமாக அனுப்பும் கேக்கை நம் வீட்டிலேயே போட்டுப் பார்சலில் அனுப்பிவிட்டோம், மோந்து பார்த்தது நான்தான். அது வந்து சேர்ந்ததும் நீ செய்ய வேண்டியதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். டப்பாவைத் திறந்ததும் வெட்ட வேணாம், முதல்ல மோந்து பாக்கச் சொல்லு, நல்லா இருக்குன்னு மட்டும் எழுத வேணாம், எது முதல்ல வருது, எது பின்னால வருது, எது போகாம நிக்குதுன்னு எழுதச் சொல்லு, அது போதும் எனக்கு என்றார். போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. நீ அழுவாய் என்று தெரியும், அழுதுவிட்டு எழுது.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கடவுள் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், வருகிற வருடமாவது உங்களை நேரில் பார்க்கிற வருடமாக இருக்க வேண்டும். எழுதும்போது கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, அவர் கண்ணாடியைத் தேடாமல் நினைத்தபோதெல்லாம் எடுத்துப் படிக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டு,
கால் வீங்கிய உன் அம்மா