எதிர்ச்சாரியில் நிற்கிறவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் போன் பேசினால் அந்த நாட்டுக்குப் போன் இல்லாமலே கேட்கும் என்று உன் அம்மா கேலி செய்வாளே, பக்கத்து அறையில் தம்பி இருக்கும்போது இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி மட்டும் ஏறக்கூடாதாம், ஆயுசு பூராவும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன் வீட்டில் ஒரு லிஃப்ட் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரையை, வலி போன பிறகும் அவனால் விட முடியாமல் போனதும், நம் தெரு முனையில் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு நான் அவனைக் கூட்டிப் போனதும் உனக்குத் தெரியும். முன்பக்கம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள், அழுகைச் சத்தம் ஓயாது. அதைத் தாண்டிப் பின்னால் போனால் ஒரு நீள அறை. அங்கே நர்ஸ் தினமும் அந்தப் பழக்கத்தை விடவைக்கும் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து, அது கரைகிற வரை எழுந்திருக்க விடமாட்டார். பிறகு வட்டமாக நாற்காலி போட்டு ஆலோசகர் அம்மா எல்லோரையும் பேச வைப்பார். அங்கே ஒருவர், எல்லோருக்கும் சித்தப்பா. அவரும் ஒரு காலத்தில் இதே மருந்துக்கு வந்து குணமானவர்தான். நாற்காலி போடுவது, டீ ஊற்றுவது, வராதவர்களுக்குப் போன் பண்ணி ஏன் வரவில்லை என்று விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. உன் தம்பி தோளில் கை போட்டுக்கொண்டு, "நீங்க கவலைய விடுங்க சார், இவன் என் புள்ள மாதிரி" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. முதலில் பஸ் கண்டக்டர் வரவில்லை. பிறகு, எப்போதும் ஜன்னல் ஓரமாகவே உட்காரும் அந்தப் பெண் வரவில்லை. இதில் இப்படித்தான், சிலர் நடுவில் விட்டுவிடுவார்கள் என்று ஆலோசகர் அம்மா வருத்தப்பட்டார். அதன் பிறகு சலூன்காரர். நன்றாகத் தேறி, கடையைத் திரும்பத் திறந்து, உன் தம்பிக்குக் கூட முடி வெட்டிவிட்டாரே, அவர்தான். ஒரு நாள் மதியம் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்க, உள்ளே வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார். மூச்சு இல்லை. துக்கம் கேட்க நானும் தம்பியும் போனோம். எங்களுக்கு முன்பே அங்கே சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சாப்பிட உட்காரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பாதான்பா மாத்திர குடுக்கறாரு. இங்க தர்ற மருந்து பத்தலன்னா இத வச்சுக்கோன்னு எல்லாருக்கும் குடுக்கறாரு. என் சட்டப் பையிலயும் போட்டாரு. நான் முழுங்கல, ஆனா தூக்கிப் போடவும் மனசு வரல" என்று சொல்லி, ஒரு சின்னப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தான். அதை அப்படியே என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினேன் அம்மாடி.

மறுநாள் இருவரும் போய் ஆலோசகர் அம்மாவிடம் சொன்னோம். உன் தம்பிதான் பேசினான், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாரோட போன் நம்பரையும் நானே அவர் கையில குடுத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் வந்தார், போலீசுக்கும் சொன்னார்கள். சித்தப்பாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், போலீஸ் அழைத்துக்கொண்டும் போனது. ஆனால் விசாரணைக்கு வந்தபோது மற்ற யாரும் வாயைத் திறக்கவில்லை, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டாம் நாளே அவரை வெளியே விட்டுவிட்டார்கள்.

இப்போது அவர் உள்ளே வருவதில்லை. எதிர்ச்சாரியில், மூடிக் கிடக்கும் கடை வாசலில் நிற்கிறார். நாங்கள் வெளியே வரும்போது கையைத் தூக்கி, சொந்தக்காரரைப் பார்த்தது போலச் சிரிக்கிறார். திட்டினால் கூடப் பதிலுக்குத் திட்டலாம், சிரிக்கிறவரை என்ன செய்வது? போன வாரம் நாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கே வந்திருக்கிறார். ரத்த அழுத்தம் ஏறுமே என்று உன் அம்மாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. "உங்க பையனுக்கு சித்தப்பா மாதிரின்னு சொன்னாருங்க, எவ்வளவு மரியாதையான மனுஷன்" என்று டீ போட்டுக் கொடுத்து, உன் போட்டோவைக் காட்டி, உன் போன் நம்பரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். விஷயம் தெரிந்த பிறகு அந்த டம்ளரை எத்தனை தரம் கழுவினாள் என்று கணக்கே இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். தம்பிக்கு வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டு யார் கூப்பிட்டாலும் பேச்சே வைத்துக்கொள்ளாதே. வேறு சுகாதார நிலையத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இடம் கிடைக்க வேண்டும். அதுவரைக்கும் இங்கேதான் போய் வர வேண்டும், ஒரு நாள் மருந்து விட்டுப்போனாலும் ஆபத்து. நான் ரோட்டுப் பக்கமாக நடக்கிறேன், அவனைச் சுவர் ஓரமாக நடக்க வைக்கிறேன். நேற்றுத் திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டான். என்னடா என்றேன். "அவரு சிரிக்கறப்ப நானும் சிரிச்சுடறேன்பா. வேணும்னு இல்ல, தானா வருது. அதான் பயமா இருக்கு" என்றான்.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பேசு, இதைப் பற்றி மட்டும் கேட்காதே. வேறு எதையாவது சொல்லி அவனைச் சிரிக்க வை.

என்றும் உன் நினைவாக,
அப்பா